மச்சாள் தந்த போத்தலும் இடப்பக்கத்துக் கட்டியும்

கேள்வி: எனக்கு 43 வயது. தெஹிவளையில் வசிக்கிறேன், பாடசாலை ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். ஒரு வருடமாக மாதவிடாய் ஒழுங்கில்லை; கடந்த இரண்டு மாதமாக வரவேயில்லை. இரவில் வியர்த்துக் கொட்டுகிறது, சின்ன விடயத்துக்கும் எரிந்து விழுகிறேன். லண்டனிலிருந்து வந்த மச்சாள், ஹோர்மோன் சமநிலைக்கு நல்லது என்று ஒரு மூலிகைக் கப்சியூல் போத்தலைத் தந்தார். நாளுக்கு இரண்டு வீதம் நான்கு மாதமாக எடுக்கிறேன். வியர்வை சற்றுக் குறைந்தது. ஆனால் இரண்டு மார்பும் கனத்து, தொட்டால் நோகிறது. உள்ளாடை 34 இலிருந்து 36 ஆகிவிட்டது. அமுக்கினால் இரண்டு காம்பிலும் பால் போல ஒரு துளி வருகிறது. இரண்டு கிழமைக்கு முன் குளிக்கும்போது இடப்பக்கத்தில் மட்டும் கச்சான் பருப்பளவில் ஏதோ தட்டுப்பட்டது. அது நோகவில்லை. எல்லாம் கப்சியூலின் வேலைதானே? நிறுத்தினால் கரைந்துவிடுமா? இவை தவிர, காலையில் ஹாத்தாவாரிய இலைக்கஞ்சி குடிக்கிறேன். தலைமயிருக்கு மிட்டாய் போன்ற ஒரு விற்றமின். வயிறு பொருமி ஓங்காளம் வந்தால் பாமசியில் வாங்கிய குளிசை. போத்தலின் படத்தை இணைத்திருக்கிறேன். கணவருக்கு இன்னும் சொல்லவில்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கச்சான் பருப்பு. மற்ற எதைக் கப்சியூலின் கணக்கில் எழுதினாலும் இதை எழுதாதீர்கள். நாம் விழுங்கும் பொருள் குடலில் இறங்கி, ஈரலைக் கடந்து, இரத்தத்தில் கலந்து இரண்டு மார்புக்கும் ஒரேபோலத்தான் போகிறது. அதற்கு இடம் வலம் தெரியாது. இரண்டு பக்கமும் கனப்பது, இரண்டு பக்கமும் நோவது, இரண்டு காம்பிலும் துளி வருவது ஆகியவற்றுக்கு ஒரு மருந்தையோ மூலிகையையோ காரணம் சொல்லலாம். ஒரு பக்கத்தில் மட்டும், ஒரே இடத்தில், விரலில் தட்டுப்படும் ஒன்றுக்கு அதற்கே உரிய காரணம் ஒன்று இருக்க வேண்டும். அது என்னவென்று கண்டுபிடிக்காமல் போத்தலின் மேல் பழி போடுவது, வீட்டில் புகை வரும்போது அடுத்த வீட்டில் சமையல் நடக்கிறது என்று கதவைச் சாத்துவது போன்றது.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் வயதில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. 35க்கும் 50க்கும் இடையில் மார்பில் நீர்க்கட்டிகள் வருவது மிகச் சாதாரணம். ஊசியால் உறிஞ்சினால் சில நிமிடத்தில் வற்றிவிடும். நார்த்திசுக் கட்டி என்று ஒன்று உண்டு, விரலுக்குப் பிடிகொடுக்காமல் நழுவும், அதுவும் தீங்கற்றது. ஹோர்மோன் போலச் செயற்படும் பொருள்கள் ஏற்கெனவே இருந்த இத்தகைய கட்டியைச் சற்றுப் பெருப்பிக்கவும் கூடும். ஆனால் எது எதுவென்று என்னால் கடிதத்திலிருந்து சொல்ல முடியாது, உங்களால் விரலால் சொல்ல முடியாது, சத்திரசிகிச்சை நிபுணரே கையால் தொட்டு மட்டும் சொல்லமாட்டார். நோகவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு நிம்மதி தெரிகிறது. அந்த நிம்மதி வேண்டாம். மார்புப் புற்றுநோய்க் கட்டிகள் பல, தொடக்கத்தில் நோவதே இல்லை.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு தாய் வந்தார். காம்பு ஒரு பக்கம் உள்ளே இழுத்திருந்தது. "நான் குடித்த கஷாயத்தின் சூடு, டொக்டர்" என்றார். கஷாயத்தை நிறுத்தி எட்டு மாதம் காத்திருந்திருக்கிறார், சூடு தணியட்டும் என்று. மூலிகை அவருக்குச் செய்த கெடுதல் என்று எதையும் என்னால் காட்ட முடியவில்லை. மூலிகைதான் காரணம் என்ற நம்பிக்கை எடுத்துக்கொண்ட எட்டு மாதம்தான் கெடுதல்.

ஆகவே கப்சியூலை இன்றே நிறுத்துங்கள், ஆனால் நிறுத்திவிட்டு என்ன நடக்கிறது பார்ப்போம் என்று காத்திராதீர்கள். நிறுத்துவது, கட்டியை வைத்தியரிடம் காட்டுவது, இரண்டும் இந்தக் கிழமையிலேயே நடக்க வேண்டும்.

இனி போத்தலுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். முன்பக்கம் ஒரு பெண் சூரிய ஒளியில் நிற்கிறாள், ஒரு இலை, "இயற்கை" என்ற சொல் மூன்று இடத்தில். பின்பக்கம், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுத்தான் வாசிக்க வேண்டிய எழுத்தில், "தனியுரிமைக் கலவை 1,200 மில்லிகிராம்". அதன் கீழே சிவப்புக் குளோவர், பிளாக் கோஹோஷ், வைற்றெக்ஸ், டொங் குவாய், வெந்தயச் சாறு, பியூரேரியா. எது எத்தனை மில்லிகிராம் என்று ஒரு வரி இல்லை. குழம்பில் உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு, தூள் எவ்வளவு என்று கேட்டால் சட்டியின் நிறையைச் சொல்வது போன்ற பதில் இது.

இந்தப் பட்டியலில் எனக்கு உறுத்துவது கடைசிப் பெயர். பியூரேரியா மிரிஃபிக்கா தாய்லாந்துக் காட்டுக் கொடியின் கிழங்கு. அதிலுள்ள மிரோஎஸ்ட்ரோல், தாவரங்களில் காணப்படும், பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜன் போன்ற பொருள்களில் வலிமை மிகுந்தவற்றில் ஒன்று. மார்பைப் பெருப்பிக்கும் குளிசைகள் என்று இணையத்தில் விற்கப்படுகிறவற்றில் இந்தக் கிழங்குதான் அடிக்கடி இருக்கிறது. அதாவது ஒரு கடையில் மார்பைப் பெருப்பிக்க விற்கும் பொருளை, மற்றக் கடை ஹோர்மோனைச் சமப்படுத்த விற்கிறது. உங்கள் உள்ளாடை அளவு மாறியது எனக்கு வியப்பில்லை.

சிவப்புக் குளோவருக்கும் ஒரு கதை உண்டு. 1940களில் மேற்கு அவுஸ்திரேலியாவில் செம்மறியாட்டுப் பண்ணைகளில் ஒரு விசித்திரம் நடந்தது. குளோவர் இனத்தைச் சேர்ந்த ஒரு தீவனச் செடி மட்டுமே தழைத்த மேய்ச்சல் நிலங்களில் மேய்ந்த பெட்டை ஆடுகள் சினைப்படவில்லை. சினையில்லாத ஆடுகளுக்குப் பால் சுரந்தது. காயடித்த கடாக்களுக்குக்கூடக் காம்பு பெருத்துப் பால் வந்தது. 1946இல் இதைப் பற்றி எழுதிய ஆய்வாளர்கள் அதைக் குளோவர் நோய் என்றார்கள். அந்தச் செடியிலுள்ள ஒரு பொருளை ஆட்டின் வயிற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள் ஈக்குவோல் என்ற, ஈஸ்ட்ரஜனைப் போல நடிக்கும் பொருளாக மாற்றிவிடுகின்றன. நாம் ஆடுகள் அல்ல, நாள் முழுவதும் குளோவர் மேய்வதும் இல்லை. அந்தக் கணக்கை அப்படியே மனிதருக்குப் போட்டால் அது நேர்மையில்லை. ஆனால் ஈக்குவோலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சிலருடைய குடலில் இருக்கின்றன, சிலருடைய குடலில் இல்லை. உங்கள் மச்சாளுக்கு ஒன்றும் செய்யாத கப்சியூல் உங்களுக்குச் செய்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். "நானும் எடுத்தேன், எனக்கு ஒன்றும் இல்லையே" என்று அவர் சொன்னால் அவர் சொல்வதும் உண்மைதான்.

வைற்றெக்ஸ் நம் நொச்சியின் இனம். அது மூளையடிச் சுரப்பியில் பால் சுரக்கும் ஹோர்மோனான புரோலக்டினைக் குறைக்கும் பக்கம் வேலை செய்கிறது; மாதவிடாய்க்கு முன் வரும் மார்பு நோவுக்கு ஐரோப்பாவில் அதைக் கொடுப்பதும் உண்டு. பிளாக் கோஹோஷ் ஈஸ்ட்ரஜன் போலச் செயற்படுவதாக நெடுங்காலம் சொல்லப்பட்டது, இப்போது அப்படி நினைப்பவர்கள் குறைவு. அரிதாக ஈரலைத் தாக்கியிருக்கிறது என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு கண். வெந்தயத்திலும் காட்டு வள்ளிக்கிழங்கிலும் இருக்கும் டயோஸ்ஜெனின் உடலில் மற்றப் பெண் ஹோர்மோனான புரோஜெஸ்டரோனாக மாறும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். மாறாது. ரஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1940களில் மெக்ஸிக்கோவின் கிழங்கிலிருந்து அதை மாற்றிக் காட்டினார், ஆய்வுகூடக் கண்ணாடிக் கலங்களில். அந்த வேலைக்கு வேண்டிய நொதியம் மனித உடலில் கிடையாது.

ஆக, ஒன்று முன்னே தள்ள, ஒன்று பின்னே இழுக்க, ஒன்று சும்மா நிற்க, எல்லாவற்றையும் ஒரே போத்தலில் அடைத்துச் சமநிலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லோடுதான் கோபம். ஹோர்மோன்கள் தராசுத் தட்டு மாதிரி ஒரு மட்டத்தில் நிற்பவை அல்ல. கருமுட்டை வெளிவருவதற்கு முன் ஈஸ்ட்ரஜன் பல மடங்கு ஏறுகிறது, பிறகு இறங்குகிறது, அதன் பின் புரோஜெஸ்டரோன் ஏறுகிறது. 43 வயதில் அந்த ஏற்ற இறக்கம் இன்னும் தாறுமாறாக இருக்கும். மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்கும்போது ஈஸ்ட்ரஜன் குறைந்துகொண்டே போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முதல் சில வருடங்களில் சில மாதம் அது வழமையைவிட உயரவும் செய்யும். கப்சியூலே எடுக்காத பெண்களுக்கும் இந்த வயதில் மார்பு கனப்பதும் நோவதும் அதனால்தான். உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கக் கூடும்.

பால் துளி வேறு விடயம். நான் முதலில் சந்தேகப்படுவது போத்தலை அல்ல, கடிதத்தில் நீங்கள் அரை வரியில் சொல்லிவிட்டுப் போன வயிற்றுக் குளிசையை. அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஓங்காளத்துக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் இங்கே மிக இலகுவாகக் கையில் வந்துவிடும் டொம்பெரிடோன் என்றால், அது புரோலக்டினை உயர்த்தும். இரண்டு மார்பிலும் நோவும் துளிப் பாலும் அதன் தெரிந்த பக்கவிளைவு. இதயத் துடிப்பில் வரக்கூடிய கோளாறு காரணமாக ஐரோப்பிய மருந்து முகவரகம் 2014இல் அதை வழமையாக ஒரு கிழமைக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்றது. நம்மவர்கள் அதை இனிப்பு மாதிரிக் கைப்பையில் வைத்திருக்கிறார்கள். மனநோய்க்கான சில மருந்துகளும், இரத்த அழுத்தத்துக்கான ஒன்றிரண்டும் இதையே செய்யும். அப்படி எதையேனும் வைத்தியர் எழுதித் தந்து எடுத்துவந்தால் அதை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது, அவரிடம் கேட்டுத்தான். தைரொயிட் குறைவாகச் சுரந்தாலும் புரோலக்டின் ஏறும்.

காம்பை அமுக்கிப் பார்ப்பதை இன்றோடு விடுங்கள். பால் இன்னும் வருகிறதா என்று தினமும் சோதித்தால், அந்தத் தூண்டுதலே பாலை வரவழைக்கும். இரண்டு பக்கமும், பல துளைகளிலிருந்து, அமுக்கினால் மட்டும் வரும் வெள்ளைத் துளி பெரும்பாலும் ஹோர்மோன் விவகாரம். அமுக்காமலே, ஒரு பக்கம், ஒரே துளையிலிருந்து, இரத்தமோ தண்ணீர் போன்ற தெளிந்த நீரோ உள்ளாடையில் கறையாகத் தெரிந்தால் அதை உடனே காட்ட வேண்டும். இங்கும் அதே இடம் வலம் கணக்குத்தான்.

இரண்டு மாதமாக மாதவிடாய் வரவில்லை, மார்பு கனக்கிறது, ஓங்காளம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, சிரிக்காதீர்கள்: முதலில் பாமசியில் கர்ப்பப் பரிசோதனைப் பட்டி ஒன்று வாங்கிச் சிறுநீரில் பாருங்கள். 43 வயதில் இனி என்ன என்று எல்லோரும் நினைக்கும் வயதில்தான் இது தவறவிடப்படுகிறது. என் மேசைக்கு முன்னால் இருந்து அழுதவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு. அதில் இரண்டு கோடு வந்தால் ஸ்கேனிலிருந்து மருந்து வரை எல்லாக் கணக்கும் மாறும், ஆகவே மற்றச் சோதனைகளுக்கு முன் இது நடக்க வேண்டும்.

ஹாத்தாவாரியக் கஞ்சியை நிறுத்த வேண்டியதில்லை. தமிழில் சாத்தாவாரி, தண்ணீர்விட்டான் என்றெல்லாம் சொல்லும் அதே செடி. பால் சுரப்புக்கு என்று வைத்திய முறைகளில் சொல்லப்படுவது அதன் கிழங்கு. காலையில் தேங்காய்ப்பாலும் சிவப்பரிசியும் சேர்த்துக் காய்ச்சும் கஞ்சியில் போவது இலை, அதுவும் ஒரு கைப்பிடி. சொதிக்குப் போடும் அரைத் தேக்கரண்டி வெந்தயத்தையும் பயந்து விடாதீர்கள். என் அம்மம்மா பெரியபிள்ளையான பேத்திகளுக்கு உளுத்தங்களியும், பிள்ளை பெற்றவர்களுக்குப் பால்சுறாவும் கொடுத்தே பழகியவர். நான் அதைக் குறை சொல்லும் ஆள் இல்லை. உணவுக்கும் சாறாக்கிக் கப்சியூலில் அடைத்ததற்கும் நடுவிலிருப்பது அளவு. சட்டியில் போட்டது எவ்வளவு என்று அம்மம்மாவுக்குத் தெரியும். உங்கள் போத்தலில் அது யாருக்கும் தெரியாது.

மூலிகை வைத்தியத்தை விட்டுவிடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். இந்த நாட்டில் ஆயுர்வேதத்துக்கு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத, யூனானி வைத்தியர்கள் இருக்கிறார்கள், பொரளையில் அரசாங்க ஆயுர்வேதப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. மேலைத்தேய மருந்துகளுக்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது. மச்சாளின் பயணப்பெட்டியில் வந்த போத்தல் இந்த இரண்டு வாசலையும் மிதிக்காமல் வந்தது. லண்டனில் வாங்கியதுதானே என்று நினைக்கலாம். அங்கே முறைப்படி பதிவான பாரம்பரிய மூலிகை மருந்தின் பெட்டியில் டீ.எச்.ஆர். என்ற எழுத்துகளும் ஓர் இலக்கமும் இருக்கும். உங்கள் படத்தில் தேடினேன், இல்லை. உணவுக் குறைநிரப்பி என்றுதான் போட்டிருக்கிறது. அதாவது சட்டத்தின் கண்ணில் அது உணவு.

எங்கே போவது? களுபோவில வைத்தியசாலை உங்களுக்குக் கிட்ட. வெளிநோயாளர் பிரிவில் மார்பில் கட்டி என்று தெளிவாகச் சொல்லுங்கள். மார்பு நோவு என்று மட்டும் சொன்னால் இதயம் பார்க்க அனுப்பிவிடுவார்கள். நாரஹேன்பிட்டியில் தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ், புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் நிலையம் ஒன்றும் இருக்கிறது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வெல் வுமன் கிளினிக் 35 வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பெண்களுக்கும் உரியது. 1996இலிருந்து இலவசமாக நடக்கிறது. ஆனால் அது அறிகுறி இல்லாதவர்கள் போகவேண்டிய இடம். உங்கள் கையில் ஏற்கெனவே ஒன்று தட்டுப்பட்டுவிட்டதால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பெண் வைத்தியர்தான் பார்க்க வேண்டும் என்றால் தாதியிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அங்கே மூன்று படி நடக்கும்: கையால் பார்ப்பது, உங்கள் வயதில் மமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், தேவைப்பட்டால் ஊசியால் சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. ஊசி போட்டால் கட்டி பரவும் என்ற பேச்சு வெள்ளவத்தைச் சந்தை வரை உலாவுகிறது. அதைக் கேட்டுப் பின்வாங்காதீர்கள். நிபுணர்கள் அந்த ஊசியைக் கேட்பது, கட்டியின் பெயர் தெரியாமல் சிகிச்சை தொடங்க முடியாது என்பதால்.

இரத்தத்தில் புரோலக்டினும் தைரொயிட்டும் பார்க்கச் சொல்வார்கள். அதற்கு மூன்று நாளுக்கு முன்பே அந்தத் தலைமயிர் விற்றமினை நிறுத்திவிடுங்கள். அத்தகையவற்றில் பயோட்டின் என்ற விற்றமின் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 30 மட்டும். அவ்வளவு பயோட்டின் இரத்தத்தில் இருந்தால் சில ஆய்வுகூட இயந்திரங்கள் ஏமாந்து, இல்லாத தைரொயிட் நோயை இருப்பதாகக் காட்டும். பிறகு அந்த இல்லாத நோய்க்கு மருந்து தேடி அலைவீர்கள்.

கப்சியூலை நிறுத்திய பின் இரண்டு பக்கத்துக் கனமும் நோவும் ஒன்றிரண்டு மாதச் சுற்றுக்குள் தணிவதையே நான் பெரும்பாலும் கண்டிருக்கிறேன். படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. இரவு வியர்வை திரும்பி வந்தால் அதற்குப் பெண்நோயியல் நிபுணரிடம் முறையான சிகிச்சை இருக்கிறது, ஆனால் இடப்பக்கத்துக் கட்டிக்குப் பெயர் தெரிந்த பிறகு. ஹோர்மோன் சிகிச்சை தரலாமா என்ற முடிவே அதில்தான் தங்கியிருக்கிறது.

கணவருக்கு எப்போது சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதியிருக்கிறீர்கள். கிளினிக்கில் காத்திருக்கும் நேரம் நீளமானது, பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது. அது கணவரா, தங்கையா, பாடசாலைத் தோழியா என்பது உங்கள் விருப்பம்.

போகும்போது பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போங்கள்: போத்தல், தலைமயிர் விற்றமின், வயிற்றுக் குளிசையின் வெறும் அட்டை உட்பட. பெயரை மனதிலிருந்து சொல்ல வேண்டாம். கடைசி மாதவிடாய் தொடங்கிய திகதியை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நீளச் சட்டையாக இல்லாமல் மேலும் கீழும் வேறாக உடுத்திச் சென்றால் மேலே மட்டும் கழற்றினால் போதும். அன்று காலை அக்குளில் பவுடரோ வாசனைப் பூச்சோ போடாதீர்கள். மமோகிராமில் அது வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து, இல்லாத ஒன்றைத் தேட வைக்கும்.